வடக்கு தெரிந்தும் தயங்கும் முள்

மெய்நிகர் உலகத்தில் திசைகாட்டி செய்யக் காந்தம் தேவையில்லை. எது வடக்கு என்பதை அந்த உலகத்தை உருவாக்கியவர் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார். யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இசட் அச்சு போகும் பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். கையிலுள்ள கண்ட்ரோலர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் வினாடிக்கு 72 முறையோ 90 முறையோ கணினிக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கோணம் கிடைத்துவிடும். முள்ளை அந்தக் கோணத்துக்குத் திருப்ப ஒரே ஒரு வரி நிரல் போதும்.

அப்படிச் செய்த திசைகாட்டியை ஹெட்செட் மாட்டிக்கொண்டு கையில் எடுத்தால், எடுத்த கணமே அது பொம்மை என்று தெரிந்துவிடும். மணிக்கட்டை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் முள் இம்மியும் பிசகாமல் வடக்கிலேயே நிற்கும். நிஜத் திசைகாட்டி அப்படி நிற்பதில்லை. பெட்டி திரும்பும்போது முள்ளும் கொஞ்சம் கூடவே இழுபடும், பிறகு திரும்பி வரும், வடக்கைத் தாண்டிப் போகும், மறுபடி மீளும், ஒருவழியாக அடங்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒருமுறையாவது திசைகாட்டியைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் கண்ணில் பதிந்திருக்கும். அது இல்லாதபோது எது குறைகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ குறைகிறது என்பது உறுத்தும்.

கணினிக்கு வடக்கு உடனே தெரியும். தெரிந்ததை உடனே சொல்லாமல் இருக்கச் செய்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

தட்டைத் திரை விளையாட்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மைன்கிராஃப்டின் திசைகாட்டி வடக்கைக் காட்டுவதே இல்லை. ஆட்டக்காரர் முதலில் வந்து இறங்கும் இடத்தைத்தான் அது காட்டும். நெதர் என்ற பாதாளத்துக்குள் போனால் நிலைகொள்ளாமல் சுழலும். 2016இல் வந்த ஃபயர்வாட்ச் விளையாட்டில் நாயகன் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் காட்டில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் பிடித்தபடி நடப்பான். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்தக் கை நாயகனுடையது. ஹெட்செட்டுக்குள் இருப்பது நம் கை. மணிக்கட்டு எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று தசைக்குத் தெரியும். முள் காட்டுவதைக் கண் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏமாற்ற இடம் மிகக் குறைவு.

முதல் சறுக்கல் கோணத்தில்தான் வரும். யூனிட்டி ஒரு பொருளின் திருப்பத்தை மூன்று கோணங்களாகக் காட்டும். அவற்றில் ஒய் அச்சைச் சுற்றிய கோணத்தை அப்படியே திசையாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பெட்டி உள்ளங்கையில் தட்டையாகக் கிடக்கும் வரை அது சரியாகவும் இருக்கும். தொலைவிலுள்ள மரத்தைக் குறிபார்க்க அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிச் சாய்த்தால், முன்விளிம்பு செங்குத்தைத் தாண்டுகிற நொடியில் அந்தக் கோணம் 180 டிகிரி தாவிவிடும். வடக்கு தெற்காகிவிடும். எந்தத் திருப்பத்தையும் மூன்று கோணங்களாக உடைத்தால் எங்காவது ஒரு நிலையில் இப்படி முறியத்தான் செய்யும். அதனால்தான் விளையாட்டு எஞ்சின்கள் உள்ளுக்குள் குவாட்டர்னியன் என்ற நான்கு எண்களின் தொகுப்பை வைத்துக்கொள்கின்றன. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாயோரம் நடந்துகொண்டிருந்தபோது வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்குத் தோன்றிய கணிதம் அது. திசைகாட்டி செய்பவர் அந்த நான்கு எண்களின் உள்ளே புகுந்து பார்க்க வேண்டியதில்லை. கோணங்களைத் தொடாமல் திசையன்களோடு நின்றுகொண்டால் போதும்.

வடக்கை ஓர் அம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியின் முகத்திலிருந்து நேராக மேலே கிளம்பும் இன்னோர் அம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அம்பில் இரண்டாவதன் திசையில் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது திசைகாட்டி முகத்தின்மீது விழும் வடக்கின் நிழல். முள் அந்த நிழலோடு சேரத்தான் முயல வேண்டும். பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் நிழல் திடீரென்று தாவாது. ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல்: முகம் நேராக வடக்கையே பார்த்து நின்றால் நிழலின் நீளம் பூஜ்யம். பெரும்பாலோர் நிழலின் நீளத்தை ஒன்றாக்கிவிட்டுக் கோணம் எடுப்பார்கள். பூஜ்யத்துக்கு அருகே அப்படிச் செய்தால் முள் வெறிபிடித்துச் சுற்றும்.

அந்த நீளத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் சிக்கல் தானாகவே தீர்கிறது. காந்தமுள்ளின்மீது செயல்படும் திருகுவிசை, முகத்தின்மீது விழும் புலத்தின் அளவைப் பொறுத்தது. நிழல் குறுகினால் விசையும் குறையும். நிழல் மறைகிற இடத்தில் விசையும் மறையும். முள் குழம்பிச் சுற்றாமல், எங்கே இருந்ததோ அங்கேயே சோர்ந்து நிற்கும். நிஜ முள்ளும் அதைத்தான் செய்கிறது. கணக்கைச் சுத்தப்படுத்துகிறேன் என்று இயற்பியலை வெட்டி எறிந்ததால் வந்த கோளாறு, இயற்பியலைத் திருப்பிக் கொண்டுவந்ததும் போய்விடுகிறது. இந்த வேலையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

அடுத்தது, முள் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி. எஞ்சின்களில் பொருள்கள் பெற்றோர், பிள்ளை என்ற உறவில் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டி பெற்றோர், முள் அதன் பிள்ளை. பெற்றோர் நகர்ந்தால் பிள்ளையும் நகரும், திரும்பினால் திரும்பும். நாற்காலிக்கும் காலுக்கும் இது பொருந்தும். முள்ளுக்குப் பொருந்தாது, இடம் மாறும்போது மட்டும் பெட்டியோடு போக வேண்டும், திரும்பும்போது பெற்றோர் சொல்லைக் கேட்கவே கூடாது. ஆகவே முள்ளின் கோணத்தைப் பெட்டியைப் பொறுத்துச் சேமிக்காமல் உலகத்தைப் பொறுத்துச் சேமிப்பதே நல்லது. ஒவ்வொரு ஃபிரேமிலும் பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு ஏற்பக் கடைசியில் வரைந்துகொள்ளலாம்.

இப்படிச் செய்வதில் உபரி லாபம் ஒன்று உண்டு. மனிதக் கை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. வினாடிக்குப் பத்து முறை என்ற அளவில் மெல்லிய நடுக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. கண்ட்ரோலரின் இருப்பிடத்தைக் கணிக்கும் கேமராக்களும் தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். முள்ளின் கோணத்தைப் பெட்டியைப் பொறுத்துச் சேமித்தால் இந்த நடுக்கம் முழுவதும் முள்ளில் தெரிந்து, முள் ஈ மொய்ப்பதுபோல் துடிக்கும். முள் உலகத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டால் நடுங்குவது பெட்டி மட்டுமே. முள் அதன் நடுவே அமைதியாக நிற்கும். நடுக்கத்தை வடிகட்டத் தனி நிரல் எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இப்போது அந்தத் தயக்கம். முள் ஏன் வடக்கைத் தாண்டிப் போகிறது? ஊஞ்சல் ஏன் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகிறதோ, அதே காரணம்தான். காந்தப்புலம் முள்ளை வடக்குக்கு இழுக்கிறது. வடக்கை வந்தடையும்போது இழுவை பூஜ்யம், ஆனால் வேகம் உச்சத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆடும் என்பதை முள்ளின் எடை எப்படிப் பரவியிருக்கிறது, அதன் காந்தவலிமை என்ன, சுற்றியுள்ள புலம் எவ்வளவு வலியது என்ற மூன்றும் தீர்மானிக்கின்றன. புலம் வலுத்தால் ஆட்டம் வேகமாகும்.

ஒரு காலத்தில் பூமியின் காந்தத்தை அளக்கவே இந்த ஆட்டம்தான் பயன்பட்டது. இயற்கை அறிஞர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் தன் அமெரிக்கப் பயணத்துக்குக் கொண்டுபோன காந்தமுள் பாரிசில் 10 நிமிடத்தில் 245 முறை ஆடியது. பெருவில், காந்தநடுக்கோட்டின்மேல், அதே முள் அதே 10 நிமிடத்தில் 211 முறைதான் ஆடியது. அலைவு எண்ணிக்கையின் இருமடி புலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால், பாரிசின் புலம் பெருவில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலியது என்று இந்த இரண்டு எண்களை வைத்தே சொல்ல முடிந்தது. 1832இல் கணிதவியலாளர் காவுஸ் இதே ஆட்டத்தை இன்னோர் அளவீட்டோடு சேர்த்து, புலத்தின் வலிமையை ஒப்பீடாக இல்லாமல் சுயமான அலகிலேயே அளக்க வழி கண்டார். ஹம்போல்டின் எண்களை வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை வினாடிக்குச் சற்று முன்பின். கைத்திசைகாட்டியின் சிறிய முள் இதைவிடச் சுறுசுறுப்பானது. ஒன்று முதல் ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் கண்ணுக்கு உறுத்தாது.

நிரலில் இது நான்கைந்து வரி. ஒவ்வொரு ஃபிரேமிலும் முள்ளுக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பை எடுத்து, அதற்கேற்ப முள்ளின் வேகத்தை மாற்ற வேண்டும். பிறகு அந்தப் புதிய வேகத்தில் முள்ளை நகர்த்த வேண்டும். இந்த வரிசை முக்கியம். பழைய வேகத்தில் நகர்த்திவிட்டு, பழைய கோணத்தின் சைனைக் கொண்டே அப்புறம் வேகத்தை மாற்றினால், தணிப்பு இல்லாதபோது ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும். எங்கிருந்தோ ஆற்றல் ஊறி வரும். கோணத்தை நேரடியாக எடுக்காமல் சைன் எடுப்பதிலும் ஓர் ஆதாயம் இருக்கிறது. 359 டிகிரிக்கும் 1 டிகிரிக்கும் நடுவே இரண்டே டிகிரிதான் வித்தியாசம் என்று நிரலுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதைச் சொல்ல மறந்த திசைகாட்டிகளில், வடக்கைக் கடக்கும்போதெல்லாம் முள் நீண்ட வழியாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வரும்.

ஹெட்செட்டில் புதிய காட்சி ஏறும்போது ஒரு விக்கல் விழுந்து, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே அரை வினாடி போய்விட்டால் என்ன ஆகும்? அந்த அரை வினாடியை ஒரே எட்டில் கணக்கிட்டால் முள் சிதறிப்போகும். கடந்துபோன நேரம் எவ்வளவாக இருந்தாலும் அதை ஐந்து மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுவது பழைய, நம்பகமான வழி.

இவ்வளவு எதற்கு, ஒவ்வொரு ஃபிரேமிலும் மிச்சமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல இணையப் பாடங்களில் இதுதான் வழி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனக்குறை. முள் வடக்கைத் தாண்டிப் போகவே போகாது. லிஃப்ட் கதவுபோல வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். அதோடு, வினாடிக்கு 72 ஃபிரேம் ஓடும் கருவியில் பத்தில் ஒரு வினாடி கழித்து 47 சதவீதத் தூரம் மிச்சமிருந்தால், 120 ஃபிரேம் ஓடும் கருவியில் 28 சதவீதம்தான் மிச்சமிருக்கும். ஒரே திசைகாட்டி, இரண்டு வீட்டில் இரண்டு விதமாக நடக்கும்.

ஆட்டம் வந்துவிட்டது, இனி அதை அடக்க வேண்டும். காற்றில் நிற்கும் முள் அடங்க நெடுநேரம் ஆகும். காட்டில் ஓடுகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 1930களில் பின்லாந்தின் துவோமாஸ் வோலனன், முள்ளைத் திரவம் நிரம்பிய அடைப்புக்குள் வைத்துக் கைத்திசைகாட்டி செய்தார். 1936இல் அவர் தொடங்கியதுதான் சூன்டோ நிறுவனம். அதே பத்தாண்டில் சுவீடனின் சில்வா நிறுவனம் ஒளிபுகும் தட்டின்மேல் பொருத்திய திசைகாட்டியைக் கொண்டுவந்தது. இன்று மலையேறுபவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இவற்றின் வழிவந்த கருவிகளே. எண்ணெய் போன்ற மெல்லிய திரவம் முள்ளின் வேகத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வினாடியில் முள் அடங்கும்.

தணிப்பின் அளவைப் பொறியாளர்கள் ஓர் எண்ணால் குறிப்பார்கள். பூஜ்யம் என்றால் ஓயாத ஆட்டம். ஒன்று என்றால் தாண்டிப்போகாமல் வந்து நிற்கும். 0.6 அளவில் வைத்தால், வந்த தூரத்தில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு தாண்டிப்போய், திரும்பி அடங்கும். நல்ல திரவத் திசைகாட்டிக்கு அது பொருந்துகிறது. பழைய பித்தளைத் திசைகாட்டி வேண்டுமென்றால் 0.2க்கு இறக்கிவிடலாம், பார்ப்பவருக்கு அது வேறு நூற்றாண்டுக் கருவி என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. திரவம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திரும்பினால் அதுவும் கொஞ்சம் திரும்பும். ஆகவே திரவம் முள்ளின் வேகத்தைத் தடுப்பதில்லை. முள்ளுக்கும் தனக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசத்தைத்தான் தடுக்கிறது. இந்த ஒரு கழித்தலை நிரலில் சேர்த்ததும், பெட்டியை வெடுக்கென்று திருப்பினால் முள் அதே பக்கம் சில டிகிரி இழுபட்டு, பிறகு நிதானமாகத் திரும்பி வரும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த இழுபாடு இதுதான். முழுத் திசைகாட்டியிலும் நிஜத்தன்மை இந்த ஒரு வரியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். திரவம் பெட்டியின் வேகத்தை முழுவதும் எடுத்துக்கொள்ளாமல் கால்வாசியை எடுத்துக்கொள்வதாக வைத்தால் போதும். திரவ ஓட்டத்தையே உருவகப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் இதே வரி ஒரு விபத்துக்கும் வழிவகுக்கும். ஹெட்செட் அணிந்தவர் நிஜ அறையில் எப்போதும் உடம்பைத் திருப்ப முடியாது. கட்டைவிரலால் குச்சியைத் தள்ளினால் உலகம் ஒரே ஃபிரேமில் 45 டிகிரி திரும்பிவிடும். தலைசுற்றலைத் தவிர்க்க அப்படி வெட்டித் திருப்புவதே வழக்கம். பெட்டியின் பார்வையில் அது 90இல் ஒரு பங்கு வினாடியில் 45 டிகிரி; வினாடிக்கு 4,050 டிகிரி வேகம். திரவம் அந்த வேகத்தை நம்பி முள்ளை உதைக்கும். முள் பம்பரமாகச் சுற்றும். வெட்டித் திரும்பும் ஃபிரேமில் பெட்டியின் வேகத்தைப் பூஜ்யம் என்று நிரலிடம் சொல்லிவிட வேண்டும். முள் உலகத்தோடு நின்றுகொள்ளும். கை திரும்பியதை மட்டும் கண் பார்க்கும். ஹெட்செட்டின் மையப் பொத்தானை அழுத்தி முன்பக்கத்தை மாற்றிக்கொள்ளும்போதும் இதே கவனம் வேண்டும்.

அப்படி மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதே ஒரு வேடிக்கை. 2013இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்டின் முதல் மாதிரியில் நிஜமான காந்தமானி இருந்தது. தலையின் திருப்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைபடுவதைத் திருத்த பூமியின் காந்தத்தைப் பயன்படுத்தினார்கள். அறையிலுள்ள இரும்பு அதைக் குழப்பும் என்பதால் அளவு சரிபார்க்கவும் வேண்டியிருந்தது. இன்றைய ஹெட்செட்டுகள் கேமராக்களால் சுவரையும் மேசையையும் பார்த்தே இடத்தைக் கணிக்கின்றன. அறையின் நிஜ வடக்கு எது என்பது அவற்றுக்குத் தேவையே இல்லை.

பெட்டியைச் சாய்ப்பது தனிக் கதை. நிஜ முள் கூர்மையான முனையொன்றின்மீது உட்கார்ந்திருக்கிறது. பெட்டி சில டிகிரி சாய்ந்தாலும் முள் தன்பாட்டுக்குக் கிடையாகவே நிற்கும். சாய்வு ஓர் எல்லையைத் தாண்டியதும் முள்ளின் நுனி கண்ணாடியிலோ அடியிலோ உரசி நின்றுவிடும். நிரலிலும் இரண்டு நிலை வைக்கலாம்: சுமார் 15 டிகிரி வரை முள் உலகத்தின் செங்குத்தைச் சுற்றி ஆடும், அதற்கு மேல் பெட்டியின் முகத்தோடு சாய்ந்து, உராய்வும் சேர்ந்துகொள்ளும். உராய்வு வந்ததும் முள் தவறான திசையில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். பயன்படுத்துபவர் உடனே பெட்டியைத் தட்டையாகப் பிடிப்பார். எந்த அறிவிப்புப் பலகையும் வேண்டாம். திரவத்துக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழி விட்டுவைத்தால் சாய்வு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு முகத்திலுள்ள எண்களைப் படிக்க முடியவில்லை என்றால்? அதுதான் நடக்கும். 5 செ.மீ. அகல முகத்தை 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அது கண்ணில் ஏறத்தாழ 7 டிகிரி அகலத்தை அடைக்கும். குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டில் டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல். ஆக முகம் முழுவதற்கும் 143 பிக்சல். அதன் சுற்றளவு 450 பிக்சல் அளவில் வரும். அதில் 360 டிகிரியை அடக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு ஒன்றேகால் பிக்சல்! நல்ல மனிதக் கண் டிகிரிக்கு 60 பிக்சல் அளவுக்குப் பிரித்துப் பார்க்கும். நிஜத் திசைகாட்டியில் இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு போடுவது அதனால்தான் வீண்போவதில்லை. ஹெட்செட்டில் அந்தக் கோடுகள் தலை அசையும்போதெல்லாம் மினுமினுத்து எறும்புக் கூட்டமாகும். போதாததற்கு முகத்தை நாம் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் ஒரு திசையில் பிக்சல்கள் இன்னும் குறையும்.

ஆகவே நிஜக் கருவியைப் படமெடுத்து அப்படியே ஒட்டுவது வேலைக்காகாது. பத்து டிகிரிக்கு ஒரு கோடு, முப்பதுக்கு ஓர் எண், நான்கு திசைகளுக்கு மட்டும் தடித்த எழுத்து என்று ஈவிரக்கமின்றிக் குறைக்க வேண்டும். முகத்தையும் 9 செ.மீ. ஆக்கிவிடலாம். அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது: வட்டத்தை இன்னொரு கையால் திருப்ப வேண்டுமென்றால், நிஜ அறையில் இரண்டு கண்ட்ரோலர்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முகம் பெரிதானால் கைகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கண்ணுக்கு அருகே கொண்டுவந்து படிக்கச் சொல்வதும் ஆகாது. ஹெட்செட்டின் லென்ஸ் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோலக் குவித்துவைத்திருக்கிறது. 25 செ.மீ.யில் ஒரு பொருளைப் பார்க்க விழிகள் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குவியம் எங்கோ தூரத்தில் இருக்கும். சற்று நேரத்தில் கண் வலிக்கும். முகத்தில் அரை கிலோ எடையைத் தாங்கிக்கொண்டு குனிந்து பார்ப்பதும் கழுத்துக்குச் சுகமில்லை. திசைகாட்டியை மார்புயரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும்படி வரைபடத்தையும் காட்சியையும் அமைப்பது நல்லது.

நிலப்பரப்பைக் கற்பனையாகச் செய்யாமல் நிஜ உயரத் தரவுகளிலிருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. அந்தத் தரவுக் கோப்புகளில் முதல் வரிசை வடக்கு எல்லை. எஞ்சின்கள் பலவும் கீழ்விளிம்பிலிருந்து எண்ணும். கவனிக்காவிட்டால் வடக்கும் தெற்கும் இடம்மாறி, மலைத்தொடர் கண்ணாடியில் பார்த்ததுபோல் கவிழும். ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்தில் முன்பக்கம் எதிர் இசட், யூனிட்டியில் நேர் இசட் என்பதும் இதே குழப்பத்துக்குத் தீனி போடும். எளிய சோதனை ஒன்று உண்டு: விளையாட்டில் காலை ஏழு மணி வைத்து, சூரியன் நிற்கும் பக்கத்தைத் திசைகாட்டியால் பாருங்கள். மேற்கில் விடிந்தால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது.

நிஜ இடம் என்றால் நிஜக் காந்தப்புலத்தையே கொண்டுவந்துவிடலாம். அமெரிக்காவின் நோவா அமைப்பும் பிரிட்டனின் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகக் காந்த மாதிரியை வெளியிடுகின்றன. வட காந்தமுனை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியதால் 2019 பிப்ரவரியில் இடையிலேயே ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் அங்குள்ள புலம் மூன்று திசைகளிலும் எவ்வளவு என்று அது தரும். வடக்கு என்ற அம்புக்குப் பதிலாக இந்தப் புலத்தையே நிரலில் போட்டுவிட்டால் எல்லாம் சேர்ந்தே வரும்: மெய்வடக்கிலிருந்து விலகும் கோணம், ஆட்டத்தின் வேகம், முள்ளின் சரிவு.

சரிவு என்பது முள் தரையை நோக்கித் தலைகுனிவது. லண்டனில் தடையின்றி விட்ட முள் கிடைமட்டத்திலிருந்து சுமார் 66 டிகிரி கீழே குத்தும். இந்தியாவின் தென்முனையில் அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். காந்தநடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பத் திருவனந்தபுரத்தையடுத்த தும்பாவைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். திசைகாட்டி நிறுவனங்கள் உலகைச் சில மண்டலங்களாகப் பிரித்து, சரிவை ஈடுகட்ட முள்ளின் மறுநுனியில் எடை சேர்த்து விற்கின்றன. ஐரோப்பாவுக்குச் சமன்செய்த திசைகாட்டியை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போனால் முள் தட்டும். மெய்நிகர் உலகத்தில் ஒரு கதாபாத்திரம் தவறான கண்டத்துத் திசைகாட்டியைக் கொண்டுவந்திருப்பதைக் கதையாகவே ஆக்கலாம். யாராவது செய்தால் விளையாடிப் பார்க்க ஆசை.

இரும்பு அதைவிடச் சுலபம். காந்தமேறிய ஒவ்வொரு பொருளையும் ஒரு சிறு இருமுனைக் காந்தமாக வைத்து, அதன் புலத்தைப் பூமியின் புலத்தோடு கூட்ட வேண்டியதுதான். இருமுனையின் வலிமை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்; 10 செ.மீ.யில் இருந்ததை 20 செ.மீ.க்கு நகர்த்தினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே இடுப்புக் கத்தி பெட்டியை நெருங்கும்போது மட்டும் முள் வழிதவறும். கைவிட்ட ஜீப்பின் அருகே நின்று திசை பார்ப்பவர் பிழையான பாதையில் போவார். இரும்புக் கப்பல்கள் வந்த காலத்தில் மாலுமிகளுக்கு இது உயிர்ப்பிரச்சினை. 1838இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி ‘ரெயின்போ’ என்ற கப்பலில் ஆராய்ந்து, திசைகாட்டிக்கு அருகே காந்தங்களையும் இரும்பையும் வைத்துப் பிழையை ஈடுகட்டினார்.

விலகலை என்ன செய்வது என்பது மட்டும் நிரலில் தீராது. கிரீனிச்சில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முள் மெய்வடக்கிலிருந்து 24 டிகிரி மேற்கே காட்டியது. 2019இல், சுமார் 360 ஆண்டுகளில் முதன்முறையாக, அங்கே மெய்வடக்கைக் காட்டியது. பொழுதுபோக்கு விளையாட்டு என்றால் நான் விலகலைப் பூஜ்யமாகவே விட்டுவிடுவேன். வரைபடமும் முள்ளும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆட்டக்காரர் விளையாட்டில் பிழை இருக்கிறது என்றுதான் நினைப்பார். மலையேறுபவர்களுக்கோ படைவீரர்களுக்கோ பயிற்சி கொடுக்கும் மென்பொருள் என்றால், அந்த ஊரின், அந்த ஆண்டின் விலகல் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியின் பின்புறம் அதைத் திருத்தும் சின்னத் திருகாணியும், கண்ட்ரோலர்கள் மோதிக்கொள்ளாமல் அதைத் திருக ஒரு வழியும் வேண்டும்.